நெருப்பில் பிறந்த நிலம்

உலகில் உள்ள மலைகளுள் பெரும்பாலானவை மனித இனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே தோன்றியவை. அவை பிறந்ததைக் கண்டார் எவரும் இலர். வளர்வதைக் கண்ணால் காண்பாரும் இலர். ஆதலின், அசையாத பொருளுக்கு மலையை உவமை கூறுதல் மக்கள் வழக்கம் ஆயிற்று. ஆயினும், நிலம் புதிதாகப் பிறப்பதையும், மலை புடைத்து எழுவதையும், பின் தாழ்ந்து அமிழ்வதையும் மக்கள் தம் வாழ்நாளிலேயே காணத்தக்க இடம் ஒன்று உண்டு. அதுவே பசிபிக் பெருங்கடலின் நடுவே விளங்கும் ஹவாய் எரிமலைத் தேசியப் பூங்கா ஆகும்.

பூங்கா என்றவுடன் பூஞ்செடிகளும் பசும்புல் தரையும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால், இப்பூங்காவின் பெரும்பகுதி கரிய பாறை வெளியாகும். சில இடங்களில் நிலத்தின் வெடிப்புகளிலிருந்து நீராவி எழுந்துகொண்டே இருக்கும். சில இடங்களில் கந்தகம் படிந்து பாறை மஞ்சள் நிறம் பெற்றிருக்கும். அப்பாறை வெளியை அடுத்தே, நிலமகள் போர்த்த பச்சைப் போர்வைபோல், பெரணிகள் அடர்ந்த மழைக்காடு விளங்கும். கடற்கரையில் தொடங்கி 4,169 மீட்டர் உயரமுள்ள மலை உச்சி வரையில், 1,300 சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் இப்பூங்கா அமைந்துள்ளது. இது 1916-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டு அரசால் நிறுவப்பெற்றது. 1987-ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பெற்றது.

இப்பூங்காவினுள் உயிர்ப்புள்ள எரிமலைகள் இரண்டு உள்ளன. ஒன்று மவுனா லோவா; மற்றொன்று கீலவேயா. மவுனா லோவா என்பதற்கு ஹவாய் மொழியில் நெடுமலை என்பது பொருள். பெயருக்கு ஏற்ப அது நீண்டு அகன்று கிடக்கின்றது. கூம்புபோல் குவிந்து நில்லாமல், குப்புறக் கவிழ்த்த கேடயம்போல் மெல்லச் சரிந்து இறங்குவதால், நிலவியலார் இத்தகைய மலையைக் கேடய எரிமலை என்பர். அம்மலையின் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து மட்டும் அளத்தல் போதாது. அதன் அடி கடலின் ஆழத்தில் உள்ளது. அடியிலிருந்து நுனி வரை அளந்தால் அஃது இமயத்தின் எவரெஸ்டுச் சிகரம் கடலுக்கு மேல் உயர்ந்து நிற்கும் அளவுக்குக் குறையாது. 1984-ஆம் ஆண்டில் பொங்கிய இம்மலை, முப்பத்தெட்டு ஆண்டுகள் அடங்கியிருந்து, 2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மீண்டும் பொங்கியது. கீலவேயா உயரத்தில் சிறியது. ஆனால், பொங்குவதில் அதற்கு நிகரான எரிமலைகள் உலகில் மிகச் சிலவே.

உலகில் உள்ள எரிமலைகளுள் பல, நிலவுலகின் மேலோட்டுத் தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் விளிம்புகளிலேயே அமைந்துள்ளன. ஜப்பான், இந்தோனேசியா முதலிய நாடுகளின் எரிமலைகள் அத்தகையன. ஹவாய்த் தீவுகளோ, பசிபிக் தட்டின் விளிம்பிலிருந்து நெடுந்தொலைவு விலகி, அதன் நடுவே உள்ளன. வட அமெரிக்கக் கரையிலிருந்து அவை ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. அங்ஙனமாயின், அங்கு எரிமலை தோன்றக் காரணம் யாது?

இவ்வினாவிற்குக் கனடா நாட்டு அறிஞர் தூசோ வில்சன் என்பார் 1963-ஆம் ஆண்டில் ஒரு விடை கூறினார். நிலத்தின் அடியில், ஆழத்தில், வெப்பம் மிக்க இடம் ஒன்று இருக்கின்றது என்றும், அதன்மேல் பசிபிக் தட்டு மெல்ல நகர்ந்து செல்கின்றது என்றும் அவர் கருதினார். எரியும் விளக்கின் மேல் ஒரு பனையோலையைச் சிறிது சிறிதாக இழுத்துச் சென்றால் என்ன நிகழும்? சுடர் இருந்த இடத்திலேயே இருக்கும்; ஓலையிலோ கருகிய புள்ளிகள் வரிசையாகத் தோன்றும். அதுபோலவே, நகர்ந்து செல்லும் தட்டின்மீது எரிமலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. தட்டு அவற்றை வடமேற்குத் திசையில் சுமந்து சென்றது. சுடரை விட்டு நீங்கிய எரிமலை அவிந்தது. சுடருக்கு மேல் வந்த இடத்தில் புதிய எரிமலை எழுந்தது.

இக்கருத்துக்குத் தீவுகளே சான்றாக உள்ளன. வடமேற்கில் உள்ள கவாய்த் தீவின் பாறைகள் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் ஆண்டு அகவை உடையன. தென்கிழக்கு நோக்கி வர வர, தீவுகளின் அகவை குறைந்துகொண்டே வருகின்றது. கடைக்கோடியில் உள்ள ஹவாய்த் தீவு, கடலுக்கு மேல் தலைகாட்டிப் பத்து இலட்சம் ஆண்டுகளும் நிரம்பவில்லை. கவாய்க்கு அப்பால், கடலுள் மூழ்கிய பழைய மலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து கிடக்கின்றன. அத்தொடரின் முடிவில் உள்ள மலைகள் எட்டுக்கோடி ஆண்டு பழமை வாய்ந்தன. நம் நாட்டில், மேற்குத் தக்காணத்தைப் போர்த்துக் கிடக்கும் கரும்பாறை அடுக்குகளும், ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இத்தகைய வெப்ப இடம் ஒன்றின்மேல் நம் நிலம் கடந்து சென்றபோது வழிந்து உறைந்தவையே என்று நிலவியலார் பலர் கருதுகின்றனர்.

பசிபிக் தட்டு ஆண்டுக்கு ஏழு முதல் பத்துச் செண்டிமீட்டர் வரை நகர்கின்றது. ஏறக்குறைய நம் கைவிரல் நகம் வளரும் விரைவைப்போல் இருமடங்கு எனலாம். அவ்வளவு மெல்லிய நடையே ஒரு தீவுக்கூட்டத்தை ஆக்கியது. அப்பணி இன்னும் முடியவில்லை. ஹவாய்த் தீவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்குள் புதிய எரிமலை ஒன்று வளர்ந்து வருகின்றது. அதன் உச்சி இன்னும் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்தில் உள்ளது. அது நீருக்கு மேல் தோன்றும் நாள் பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரே வரும்.

எரிமலைகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சில எரிமலைகளின் குழம்பு கெட்டியானது. அதனுள் அடைபட்ட வாயு வெளியேற வழியின்றித் திடீரென வெடிக்கும். ஹவாய்க் குழம்போ சிலிகாச் சத்துக் குறைந்தது. ஏறத்தாழ 1,150 பாகை செல்சியசு வெப்பத்தில் பாகுபோல் ஓடுவது. ஆதலின், அது வெடித்துச் சிதறுவதைவிட ஊற்றுப்போல் எழுந்து ஆறுபோல் ஓடுதலே மிகுதி. ஆறிய குழம்பு வழவழப்பாகவும், திரித்த கயிறுபோல் மடிப்பு மடிப்பாகவும் உறைந்தால், ஹவாய் மக்கள் அதனைப் பாஹோய்ஹோய் என்பர். கூரிய முனைகளோடு கரடுமுரடாக உறைந்தால், ஆஆ என்பர். அத்தீவு மக்கள் வழங்கிய இவ்விரு சொற்களையே இன்று உலகெங்கும் உள்ள நிலவியலார் எடுத்தாளுகின்றனர். எரிமலையின் தலைவியாகப் பெலே என்னும் தெய்வத்தை அம்மக்கள் வழிபட்டு வந்தனர். கீலவேயாவின் உச்சியில் உள்ள ஹலேமாவுமாவு என்னும் பெரும்பள்ளமே அத்தெய்வத்தின் உறைவிடம் என்பது அவர்தம் நம்பிக்கை. காற்றில் பறந்து இழைபோல் உறையும் குழம்பை அவர்கள் பெலேயின் கூந்தல் என்று அழைத்தனர். அப்பெயரும் அறிவியலில் இடம்பெற்றுவிட்டது.

ஆயினும், கீலவேயாவை என்றும் அமைதியானது என்று எண்ணுதல் பிழையாகும். 1790-ஆம் ஆண்டில் அது கடுமையாக வெடித்தது. அப்போது அவ்வழியே சென்றுகொண்டிருந்த ஹவாய்ப் படையினர் பலர் சுடுகாற்றிலும் சாம்பலிலும் சிக்கி மாண்டனர். 1924-ஆம் ஆண்டு மே மாதத்திலும் உச்சிப் பள்ளம் பலமுறை வெடித்து, பல டன் எடையுள்ள பாறைகளைத் தூக்கி எறிந்தது. அழகு நிறைந்த அவ்விடம் ஆபத்தும் நிறைந்தது.

அந்த ஆபத்தை முன்னரே அறிய இயலுமா என்னும் வினாவிற்குத் தம் வாழ்நாளையே அளித்த அறிஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் தாமசு ஜாகர். 1902-ஆம் ஆண்டு மே மாதத்தில், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான மார்த்தினிக்கில் பெலே என்னும் பெயருடைய எரிமலை ஒன்று வெடித்தது. செயின்ட் பியர் நகரம் சில நிமிடங்களில் அழிந்தது. இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். ஆராய்ச்சிக்காக ஆங்குச் சென்ற ஜாகர், அவ்வழிவை நேரில் கண்டு உள்ளம் நொந்தார். எரிமலை வெடித்தபின் சென்று காண்பதால் மக்களைக் காத்தல் இயலாது; அதன் அருகிலேயே தங்கி, நாள்தோறும் அதன் இயல்பைக் குறித்து வருதல் வேண்டும் என்று அவர் உணர்ந்தார். அவருடைய முயற்சியால், 1912-ஆம் ஆண்டில் கீலவேயாவின் விளிம்பிலேயே எரிமலை ஆய்வுக்கூடம் ஒன்று எழுந்தது.

அன்று முதல் இன்று வரை அவ்வாய்வுக்கூடத்தின் பணி இடையறாது நடந்து வருகின்றது. பொங்குமுன் எரிமலை பல குறிகளைக் காட்டுகின்றது. அடியில் குழம்பு சேரச் சேர, காற்று ஊதிய தோற்பைபோல் மலை புடைக்கின்றது. அதனால் நிலத்தின் சாய்வு சிறிது மாறுகின்றது. பாறைகள் விரிந்து பிளப்பதால் சிறு நிலநடுக்கங்கள் தொடர்ந்து உண்டாகின்றன. வெளிவரும் வாயுக்களின் அளவும் வேறுபடுகின்றது. மனிதர் உணர இயலாத இம்மாறுதல்களை நுண்ணிய கருவிகள் உணர்ந்து பதிவு செய்கின்றன.

இவ்வறிவின் பயனை 2018-ஆம் ஆண்டு உலகம் கண்டது. அதற்குமுன் கீலவேயாவின் கிழக்குச் சரிவு, 1983-ஆம் ஆண்டு தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகள் பொங்கிக்கொண்டிருந்தது. அக்காலத்தில் கலபனா என்னும் கடற்கரை ஊர் 1990-ஆம் ஆண்டில் குழம்பில் மூழ்கியது. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், நிலத்தடிக் குழம்பு மலையுச்சியிலிருந்து வடிந்து, பூங்காவுக்கு வெளியே கிழக்கில் நெடுந்தொலைவு சென்று, மக்கள் குடியிருக்கும் பகுதியில் நிலத்தைப் பிளந்துகொண்டு வெளிப்பட்டது. வீடுகளுக்கு இடையே, தெருக்களின் நடுவே, தீ ஊற்றுகள் எழுந்தன. ஏறத்தாழ 700 வீடுகள் அழிந்தன. தலைமுறைகளாகப் பேணிய தோட்டங்களும், நீராடும் குளங்களும், கடற்கரையும் மறைந்தன. ஆயினும், தீக்குழம்பில் உயிரிழந்தார் ஒருவரும் இலர். கருவிகள் காட்டிய குறிகளைக் கொண்டு, மக்கள் உரிய காலத்தில் அப்புறப்படுத்தப்பட்டனர். வீட்டை இழந்தவரின் துயரம் பெரிது. உயிர் இருந்தமையால் அவர்கள் மீண்டும் வாழ வழி இருந்தது.

குழம்பு வடிந்துவிட்டமையால் மலையுச்சி தாங்குவாரின்றித் தாழ்ந்தது. ஹலேமாவுமாவுப் பள்ளத்தின் அடித்தளம் ஏறத்தாழ 500 மீட்டர் கீழே சரிந்தது. ஓயாத நிலநடுக்கங்களால் ஆய்வுக்கூடத்தின் கட்டடமும் பழுதுற்றது. பூங்கா நான்கு மாதங்களுக்கு மேல் மூடப்பட்டிருந்தது. மறு ஆண்டில், அப்பள்ளத்தின் அடியில் நீர் ஊறி ஓர் ஏரி உண்டாயிற்று. 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் குழம்பு பொங்க, அந்நீர் முழுதும் கொதித்து ஆவியாயிற்று. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பொங்குதலில், தீ ஊற்றுகள் விட்டுவிட்டு எழுந்தன. அடுத்த ஆண்டில் அவற்றுள் சில 300 மீட்டருக்கு மேல் உயர்ந்தன. நீர் இருந்த இடத்தில் நெருப்பும், நெருப்பு இருந்த இடத்தில் நீரும் இவ்வாறு சில ஆண்டுகளுக்குள் மாறி மாறி இடம்பெற்றன.

தீ ஓடிய நிலம் இனிப் பயன்படாது என்று எண்ணத் தோன்றும். இயற்கையின் கணக்கோ வேறு. குழம்பு ஆறிச் சில மாதங்களுக்குள், சிறிய பாறைப் பூச்சி ஒன்று அங்குக் குடியேறுகின்றது. அது சிள்வண்டு இனத்தைச் சேர்ந்தது. காற்று கொணரும் சருகு முதலியவற்றை உண்டு வாழ்வது. பின்னர், வெடிப்புகளில் மழைநீர் தங்கும் இடங்களில் பெரணிகள் முளைக்கின்றன. அவற்றை அடுத்து ஓஹியா என்னும் மரம் வேர்விடுகின்றது. காற்றில் பறக்கும் நுண்ணிய விதை உடைய அம்மரம், செம்பஞ்சுக் கொத்துப் போன்ற மலர்களைப் பூப்பது. மண் என்பது சிறிதும் இல்லாத பாறைப் பிளவிலும் அது வளரும். எரிமலையின் நச்சு வாயு சூழ்ந்தால், தன் இலைத்துளைகளை மூடிக்கொண்டு உயிர் காக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு.

தீக்குழம்பு ஓடும்போது மேட்டுநிலங்களைச் சுற்றிக்கொண்டு செல்வதால், கருங்கடல் நடுவே பசுந்தீவுகள்போல் காட்டுப் பகுதிகள் சில தப்பி நிற்கும். அவற்றைக் கிப்புகா என்பர். அவற்றிலிருந்தே விதைகளும் பறவைகளும் பூச்சிகளும் புதிய நிலத்துக்குப் பரவுகின்றன. எரிந்த காட்டுக்கு அவையே விதைநெற் குதிர்கள் எனலாம். இவ்வாறு, நெருப்பினால் அழிவதும் மீண்டும் தழைப்பதும் அத்தீவின் உயிர்களுக்குப் பழகிய வாழ்க்கை ஆயிற்று.

ஆனால், அவ்வுயிர்கள் பழகாத பகை ஒன்று உண்டு. அது கப்பலில் வந்தது.

ஹவாய்த் தீவுகள் மற்றை நிலங்களினின்றும் நெடுந்தொலைவில் உள்ளமையால், காற்றும் கடலும் பறவையும் கொணர்ந்த சில உயிர்களே அங்குச் சென்று சேர்ந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் உலகில் வேறு எங்கும் காணப்படாத புதிய இனங்களாக மாறின. நிலத்தில் வாழும் பாலூட்டிகளுள் வௌவாலைத் தவிர வேறொன்றும் அங்குத் தானாகச் சென்று சேரவில்லை. இலையைக் கடிக்கும் விலங்கு இன்மையால், பல செடிகளுக்கு முள்ளும் இல்லை, காரமும் இல்லை. முட்டையைத் திருடும் விலங்கு இன்மையால், பறவைகள் தரையிலேயே கூடு கட்டின. வாயிற்கதவு இல்லாத வீடுபோல் அத்தீவு இருந்தது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியக் கப்பல்கள் ஆடுகளைக் கொணர்ந்து விட்டன. அவை காட்டில் பெருகி, தளிர்களையும் கன்றுகளையும் மேய்ந்து தீர்த்தன. பூங்கா அமைந்தபின், பல்லாண்டுகளில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆடுகள் அகற்றப்பட்டன. ஆயினும் எஞ்சியவை மீண்டும் பெருகின. 1970-ஆம் ஆண்டுக்குப் பின் வேலி கட்டி, பகுதி பகுதியாக அவற்றை நீக்கிய பின்னரே அம்முயற்சி பயன் தந்தது. அதற்குச் சற்று முன்னர் வியப்பான செய்தி ஒன்று நிகழ்ந்தது. சோதனைக்காகச் சிறு நிலம் ஒன்றுக்கு வேலியிட்டபோது, அதுவரை அறிஞர் எவரும் குறித்திராத அவரைக் கொடி இனம் ஒன்று அந்நிலத்தில் தழைத்து எழுந்தது. அதன் விதைகள் காப்பாரை எதிர்நோக்கி மண்ணுள் உறங்கிக் கிடந்தன போலும்!

கீரியின் செய்தி இன்னும் சிந்திக்கத்தக்கது. கரும்புத் தோட்டங்களில் எலிகளின் தொல்லை மிகுந்தமையால், அவற்றைக் கொல்லுமாறு 1883-ஆம் ஆண்டில் தோட்ட முதலாளிகள் கீரிகளைக் கொணர்ந்தனர். அக்கீரிகள் நம் நாட்டிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டவற்றின் வழிவந்தவை. எலியோ பெரும்பாலும் இரவில் திரிவது. கீரியோ பகலில் இரைதேடுவது. ஆதலின், எலிகள் ஒழியவில்லை. தரையில் கூடு கட்டிய பறவைகளின் முட்டைகளும் குஞ்சுகளுமே கீரிகளுக்கு எளிய இரை ஆயின.

நேனே எனப்படும் ஹவாய் வாத்து இதனால் பெரிதும் நலிந்தது. பாறை வெளியில் நடப்பதற்கு ஏற்ப விரலிடைத் தோல் குறைந்த கால்களை உடைய அப்பறவை, வேட்டையாலும் அயல் விலங்குகளாலும் குறைந்து, 1950-ஆம் ஆண்டளவில் காட்டில் ஏறத்தாழ முப்பதே எஞ்சியது. ஹவாயிலும் இங்கிலாந்திலும் அதனைக் கூட்டில் வளர்த்துப் பெருக்கி, மீண்டும் காட்டில் விட்டனர். இன்று மூவாயிரத்துக்கு மேற்பட்ட நேனேக்கள் தீவுகளில் வாழ்கின்றன.

எல்லாப் பறவைகளுக்கும் அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. 1826-ஆம் ஆண்டளவில் கப்பலின் குடிநீர்ப் பீப்பாய்களோடு கொசுக்கள் வந்தன. பின்னர்ப் பறவைகளைத் தாக்கும் மலேரியா நோயும் வந்தது. தேன் உண்ணும் சிறு பறவை இனங்கள் ஐம்பதுக்கு மேல் இருந்த அத்தீவுகளில், இன்று இருபது இனங்களும் இல்லை. எஞ்சியவற்றுள் பல, கொசு வாழ இயலாத குளிர்ந்த மலைப்பகுதிகளில் ஒதுங்கியுள்ளன. உலகம் வெப்பமுற வெப்பமுற, கொசுக்கள் அம்மலைகளிலும் ஏறுகின்றன. பறவைகள் மேலும் ஏறுவதற்கு மலை இல்லை. தீக்கும் நச்சு வாயுவுக்கும் அஞ்சாத ஓஹியா மரத்தையும் அண்மைக் காலத்தில் பூஞ்சைக் காளான் நோய் ஒன்று பற்றியுள்ளது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள் அதனால் பட்டுப்போயின. காலணியில் ஒட்டிய மண்ணோடும் அந்நோய் பரவும். ஆதலின், காட்டுக்குள் செல்வோர் தம் காலணியைத் தேய்த்துத் தூய்மை செய்துகொண்டு செல்லுமாறு பணிக்கப்படுகின்றனர்.

எரிமலை ஒரு காட்டை எரித்தால், அருகில் உள்ள கிப்புகாவிலிருந்து விதை வந்து சேரும். காலம் அதனை மீண்டும் வளர்க்கும். ஓர் இனம் முழுதும் அற்றுப்போனால், அதற்கு விதை எங்கிருந்து வரும்? எலியைக் கொல்லக் கீரியைக் கொணர்ந்தோர் தீமையை விரும்பியவர் அல்லர், விளைவை ஆராயாதவர். மலையின் சிறு அசைவையும் பொறுமையுடன் குறித்து வந்தமையால் ஆயிரக்கணக்கான மக்களின் உயிரைக் காக்க முடிந்தது. அதே பொறுமையும் ஆராய்ச்சியும் செடி கொடி பறவைகளின்பாலும் செல்லுதல் வேண்டும். வேலியைப் பழுதுபார்ப்போரும், கூட்டைக் காவல் காப்போரும், காலணியின் மண்ணைத் தேய்த்து நீக்கும் வழிப்போக்கரும் அப்பூங்காவில் இன்று செய்துவரும் தொண்டு அதுவே ஆகும்.